நாகரிகச் சொற்களில் நடக்கும் இனவெறி

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்திலிருந்து 2025 மார்ச் மாதம் ஒரு பக்கம் காணாமல் போனது. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தில் பணியாற்றியதைச் சொல்லும் பக்கம் அது. தேடிப் போனவர்கள், அதன் முகவரியில் ‘டிஇஐ’ என்ற மூன்றெழுத்து புதிதாக முளைத்திருப்பதைக் கண்டார்கள். கண்டனம் எழுந்த பிறகு பக்கம் திரும்பி வந்தது. ஒருவரின் நாட்டுப்பணியை மறைக்க அவரை வசைபாட வேண்டியதில்லை, மூன்று எழுத்தை ஒட்டினால் போதும் என்பது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த மூன்றெழுத்தின் விரிவு ‘டைவர்சிட்டி, ஈக்விட்டி, இன்க்ளூஷன்’. எல்லாத் தரப்பினருக்கும் இடம், நியாயமான நடத்தை, ஒதுக்கிவைக்காத சூழல் ஆகியவற்றுக்காக அமெரிக்க நிறுவனங்களும் கல்லூரிகளும் வகுத்துக்கொண்ட திட்டங்களின் பொதுப்பெயர். 2025 ஜனவரி 20 அன்று மீண்டும் அதிபரான டிரம்ப், அன்றைக்கே அரசுத் துறைகளில் இத்திட்டங்களுக்கு முடிவு கட்டும் ஆணையில் கையெழுத்திட்டார். பிறகு துறைதோறும் சொல்வேட்டை தொடங்கியது. தவிர்க்க வேண்டியவை, கூர்ந்து கவனிக்க வேண்டியவை என்று அரசு அலுவலகங்கள் குறித்துவைத்த நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களை ‘நியூயார்க் டைம்ஸ்’ தொகுத்து வெளியிட்டது. ‘கறுப்பினத்தவர்’, ‘பெண்கள்’, ‘இனவெறி’ எல்லாம் அதில் உண்டு.

ராணுவம் நீக்குவதற்காகக் குறித்த ஆயிரக்கணக்கான படங்களில், ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசிய விமானத்தின் படமும் இருந்தது. விமானி தன் தாயின் பெயரான ‘எனோலா கே’ என்பதை அதற்கு வைத்திருந்தார். ‘கே’ என்ற சொல் தன்பாலின ஈர்ப்பைக் குறிப்பதாக எண்ணி அணுகுண்டு விமானத்தையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால், எதை எந்தச் சொல்லால் அழைப்பது என்று முடிவுசெய்பவருக்கே வேலை, வாக்கு, வீடு, சில நேரம் ஒருவரின் உயிர் பற்றிய முடிவும் சேர்ந்து கிடைக்கிறது. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அந்த நாட்டுச் செய்திகளை நாள்தோறும் தமிழில் படிக்கிறோம். இந்தச் சொல்விளையாட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது நமக்கும் அவசியம்.

பேருந்து இல்லாத குற்றச்சாட்டு

ராபின்சனிடமிருந்தே தொடங்கலாம். 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி, நவீன பேஸ்பாலின் முதல்நிலைப் போட்டிகளில் இருந்த நிறத்தடையை உடைத்தவர் என்றே உலகம் அவரை அறியும். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1944இல், டெக்ஸாஸில் ராணுவ அதிகாரியாக இருந்தபோது நடந்தது அவ்வளவாகத் தெரியாது. பேருந்தில் பின்னால் போய் உட்காரும்படி ஓட்டுநர் சொன்னார். ராபின்சன் மறுத்தார். விவகாரம் ராணுவ நீதிமன்றம்வரை போனது.

ஆனால் விசாரணைக்கு வந்தபோது, பேருந்து அந்தக் குற்றச்சாட்டிலேயே இல்லை. விசாரித்த மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாக நடந்தார், கீழ்ப்படியவில்லை என்ற குற்றச்சாட்டுகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. ஒன்பது அதிகாரிகள் கொண்ட குழு அவரை விடுவித்தது. நல்லதுதான். ஆனாலும் அந்தக் குழு, பேருந்தில் ஒரு ராணுவ அதிகாரியை நிறம் பார்த்துப் பின்னால் போகச் சொன்னது சரியா என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் சொல்லவேண்டி வரவில்லை. அந்தக் கேள்வி ‘ஒழுங்கீனம்’ என்ற சொல்லுக்கு அடியில் போய்விட்டது.

இனவெறி பற்றிய பேச்சில் இது மிகப் பழைய உத்தி. அவமதித்தவரின் செயல் பின்னுக்குப் போகும், அவமதிக்கப்பட்டவரின் குரல் உயர்ந்ததுதான் வழக்காகும். 81 ஆண்டுகள் கழித்து அதே மனிதரின் ராணுவப் பக்கத்தை மூன்றெழுத்து ஒட்டி அகற்றினார்கள் என்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சட்டத்தில் அந்தச் சொல் இல்லை

இனவெறி என்றதும் கெட்ட வார்த்தைகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. வசவு வலிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தலைமுறைகளை விழுங்கியவை பெரும்பாலும் வசவே இல்லாத சட்டங்கள்.

1870இல் அமெரிக்க அரசமைப்பின் 15ஆம் திருத்தம், இனத்தையோ நிறத்தையோ காட்டி வாக்குரிமையைப் பறிக்கக் கூடாது என்றது. தென் மாநிலங்கள் அந்தத் திருத்தத்தை எதிர்த்துப் போர்க்கொடி தூக்கவில்லை, இனம் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சட்டங்களை எழுதின. வாக்காளருக்கு எழுத்தறிவு வேண்டும், தலைவரி கட்டியிருக்க வேண்டும், சொத்து இருக்க வேண்டும். யார் காதிலும் நியாயமாகவே விழும். இதனால் ஏழை வெள்ளையர்களும் மாட்டிக்கொள்வார்களே என்ற கவலை வந்தபோது, லூயிசியானா 1898இல் ஒரு விலக்கு கொடுத்தது. 1867 ஜனவரி 1க்கு முன் தந்தையோ பாட்டனோ வாக்களித்திருந்தால் இந்த நிபந்தனைகள் பொருந்தாது. அந்த ஆண்டு ஏன்? அதற்கு முன்பு அடிமைகளாக இருந்தவர்களின் பாட்டன்மார் எங்கே போய் வாக்களித்திருப்பார்கள்!

மாநில மக்கள்தொகையில் கிட்டத்தட்டப் பாதி கறுப்பினத்தவர். 1896இல் அவர்களில் 1,30,334 பேர் வாக்காளர்களாகப் பதிவு செய்திருந்தார்கள். 1904இல் அந்த எண்ணிக்கை 1,342. ‘கறுப்பர்’ என்ற ஒரு சொல் சட்டத்தில் எழுதப்படாமலேயே ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் பேருக்கும் மேல் பட்டியலிலிருந்து மறைந்தார்கள். பாட்டன் விலக்கை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது 1915இல்தான். எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன.

இதே பாணியில் இன்னொன்று, 1986இல் வந்த போதைப்பொருள் சட்டம். கறுப்பினத்தவர் வாழும் ஏழைப் பகுதிகளில் அதிகம் புழங்கிய ‘கிராக்’ வகைக் கொக்கெய்ன் 5 கிராமை விற்பனைக்காக வைத்திருந்தால் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை. வசதிபடைத்தவர்கள் பயன்படுத்திய தூள் கொக்கெய்னுக்கு அதே தண்டனை கிடைக்க 500 கிராம் வேண்டும். ஒன்றுக்கு நூறு. 2010இல்தான் அது ஒன்றுக்குப் பதினெட்டாகக் குறைந்தது. இந்தச் சட்டத்திலும் நிறம் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை.

குடியரசுக் கட்சியின் தேர்தல் வியூக வகுப்பாளர் லீ அட்வாட்டர் 1981இல் ஒரு பேட்டியில் இந்த வித்தையைத் தன் வாயாலேயே விளக்கினார். ஐம்பதுகளில் நேரடியாக வசைச் சொல்லைச் சொல்லலாம், அறுபதுகளின் இறுதியில் அது எடுபடாது என்பதால் மாநில உரிமை என்று பேசுவோம், பிறகு இன்னும் மங்கலாக்கி வரிக்குறைப்பு என்று போவோம், பாதிப்பு யாருக்கு அதிகம் என்பது கேட்பவருக்குத் தெரியும் என்பதே அவர் சொன்னதன் சாரம். அந்த ஒலிப்பதிவு பின்னாளில் வெளியானது.

இலக்கணத்துக்குள் ஒளிந்த முழங்கால்

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் காவல் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. காவலர்கள் ஒருவரை அணுகியபோது ஏற்பட்ட மருத்துவப் பிரச்சினைக்குப் பிறகு அவர் இறந்தார் என்பது தலைப்பு. அவர் முரண்டுபிடித்தார், கைவிலங்கு பூட்டப்பட்டது, உடல்நிலை சரியில்லாததைக் கவனித்துக் காவலர்கள் ஆம்புலன்ஸ் அழைத்தார்கள், ஆயுதம் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. அவ்வளவுதான். வரிக்கு வரி பார்த்தால் பச்சைப் பொய் என்று சுட்டிக்காட்டுவது கடினம். ஆயுதம் பயன்படுத்தப்படவில்லை என்பது உண்மையே. ஒன்பதரை நிமிடம் ஜார்ஜ் பிளாய்டின் கழுத்தை அழுத்திய முழங்கால் மட்டும் அறிக்கையில் இல்லை.

இந்த வாக்கியங்களில் இறப்பவர் இருப்பார், கொல்பவர் இருக்க மாட்டார். சம்பவம் ‘ஏற்படும்’, மரணம் ‘நிகழும்’. காவல் நிலையக் கழிப்பறைகள் மட்டும் எப்போதும் வழுக்கும் மர்மத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த நடை புதிதல்ல.

அங்கே நின்றிருந்த 17 வயதுப் பெண் டார்னெல்லா பிரேசியர் தன் கைபேசியில் படம் பிடித்திருக்காவிட்டால், அந்த அறிக்கையே வரலாறாகியிருக்கும். அவருக்கு 2021இல் புலிட்சர் சிறப்பு அங்கீகாரம் கிடைத்தது. காவலர் டெரெக் ஷாவினுக்கு இருபத்திரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அந்தச் சம்பவத்தில் இன்னொரு சொல் இருந்தது. முழங்கால் கழுத்தில் இருக்கும்போதே, உடனிருந்த இன்னொரு காவலர் ‘எக்ஸைட்டட் டெலிரியம்’ ஆக இருக்குமோ என்று கவலைப்படுவதாகச் சொன்னது அவர் உடலில் அணிந்திருந்த கேமராவில் பதிவானது. வெறிபிடித்த நிலைக்குப் போய், அசாத்திய பலம் வந்து, தானாகவே மூச்சடங்கி இறந்துபோகும் நோய் என்பது இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். காவலில் நேர்ந்த பல மரணங்களுக்குக் காரணமாக இது சான்றிதழ்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்தச் சொல் பிறந்த கதை திகிலானது. 1980களில் மயாமி நகரத் தடயவியல் மருத்துவர் சார்ல்ஸ் வெட்லி இதை எழுதிப் பரப்பினார். அதே காலத்தில் அந்நகரில் கறுப்பினப் பெண்கள் அடுத்தடுத்து இறந்துகிடந்தார்கள். சிறிதளவு கொக்கெய்னும் பாலுறவும் சேர்ந்தால் இப்படி மரணம் நேரலாம் என்று அவர் விளக்கம் கொடுத்தார். பிறகு மறு ஆய்வு நடந்தபோது அந்தப் பெண்கள் கொல்லப்பட்டது தெரியவந்தது. ஒரு தொடர் கொலையாளி மீது சந்தேகம் விழுந்தது. மருத்துவப் பெயர் ஒன்று கையில் இருந்ததால், கொலையாளியைத் தேட வேண்டும் என்றே அதுவரை தோன்றவில்லை.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 2021இல் இந்தச் சொல்லை நிராகரித்தது. அவசர சிகிச்சை மருத்துவர்களின் அமைப்பு, இதை ஆதரித்துத் தான் 2009இல் வெளியிட்ட ஆவணத்தை 2023இல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு கலிபோர்னியா, மரணச் சான்றிதழில் இதைக் காரணமாக எழுதுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஒரு சொல்லை மரணச் சான்றிதழிலிருந்து அகற்ற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்!

நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்

அமெரிக்காவில் வீடு பார்க்கும் தமிழ்க் குடும்பம் முதலில் கேட்கும் கேள்வி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது அந்தப் பகுதிக்கான அரசுப் பள்ளி வட்டாரம், நல்லதா என்பது. கூடவே, ஏரியா எப்படி என்ற கேள்வியும் வரும். ‘அந்தப் பக்கம் வேண்டாம்’ என்று முன்னால் போனவர்கள் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்வார்கள். ஏன் என்று பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை, விளக்காமலே புரிந்துவிடும்.

அந்தப் பக்கம் ஏன் அப்படி ஆனது? 1930களில் வீட்டுக்கடனுக்காக அமெரிக்க அரசின் நிறுவனம் ஒன்று இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. நம்பிக்கையான பகுதிக்குப் பச்சை, ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழ்ந்தாலே பெரும்பாலும் சிவப்புதான். கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் காப்பீட்டு விதிகளும் இனக் கலப்பு இல்லாத குடியிருப்புகளையே நம்பகமானவை என்று வைத்தன. கடன் கிடைத்த பகுதியில் வீட்டின் மதிப்பு ஏறியது, கிடைக்காத பகுதியில் இறங்கியது. 1968இல் வீட்டு வசதியில் இனப் பாகுபாடு சட்டவிரோதமானது. வரைபடமும் பரண் மேல் போனது. ஆனால் அரசுப் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பகுதி உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருகிறது. ஏறிய மதிப்பு நல்ல பள்ளியானது. இறங்கிய மதிப்பு, நாம் வேண்டாம் என்று விலகும் பள்ளியானது.

பிள்ளைக்கு நல்ல பள்ளி தேடுவது குற்றமா? இல்லவே இல்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். ஆனால் ‘நல்ல’, ‘பாதுகாப்பான’, ‘டீசன்ட்டான’ என்று நாம் இயல்பாகச் சொல்லும் சொற்களுக்குள் பழைய வரைபடத்தின் வண்ணங்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு சொல்வதற்கும், அந்தப் பக்கத்து மக்களே அப்படித்தான் என்று நம்பிச் சொல்வதற்கும் நிறைய தூரம் உண்டு.

பாலம் இடிந்தால் மேயரின் நிறம்

2024 மார்ச் 26 நள்ளிரவைத் தாண்டி, பால்டிமோர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல் மின்சாரத்தை இழந்து பாலத்தின் தூணில் மோதியது. பாலம் இடிந்தது. மேலே சாலைப் பணியில் இருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆறு பேருமே லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

விடிந்ததும் சமூக வலைதளங்களில் ஒரு சாரார் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மேயர் பிராண்டன் ஸ்காட் கறுப்பினத்தவர் அல்லவா, அவர் ‘டிஇஐ மேயர்’. இத்தனைக்கும் அவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர். பாலம் நகராட்சிக்குச் சொந்தமும் இல்லை, மாநில அரசின் ஆணையத்துக்கு உரியது. திட்டத்தின் பெயர் ஒரு திட்டுச்சொல்லாக உருமாறிய தருணம் இது. பழைய வசைச் சொல்லைச் சொல்லியிருந்தால் கணக்கை முடக்கியிருப்பார்கள். மூன்றெழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

கப்பலின் 21 பணியாளர்களில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். அவர்களைக் கோவணம் கட்டிய கோமாளிகளாக வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று உலகம் சுற்றியது. உண்மையில், மோதுவதற்குச் சற்று முன் கப்பலிலிருந்து அபாய எச்சரிக்கை போனதால்தான் பாலத்தில் வாகனங்களை நிறுத்த முடிந்தது. மேரிலாண்ட் ஆளுநர் வெஸ் மூர், பல உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக வெளிப்படையாகவே சொன்னார். போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து 2025 நவம்பரில் காரணத்தை அறிவித்தது. மின்கம்பி ஒன்றில் ஒட்டிய பெயர்ச்சீட்டு சரியான இடத்தில் இல்லாததால் கம்பி முழுதாகச் செருகப்படாமல் தளர்ந்திருந்தது. விபத்துக்குக் காரணம் பெயர்ச்சீட்டுதான், ஆனால் மேயர் மீது ஒட்டியது அல்ல.

2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். உடல்கள் எல்லாம் மீட்கப்படும் முன்பே, மறுநாள், அதிபர் அதே மூன்றெழுத்தைச் சொன்னார். எப்படித் தெரியும் என்று செய்தியாளர் கேட்டதற்கு, தனக்குப் பொது அறிவு இருக்கிறது என்றார்.

இதற்கு முன்பே இரண்டு சொற்கள் இந்த வழியில் போயிருக்கின்றன. ‘வோக்’ என்பது, ஆபத்து இருக்கிறது விழித்திரு என்று கறுப்பின மக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட எச்சரிக்கை. இன்று அது கேலிச்சொல். புளோரிடா மாநிலத்தில் 2022இல் அதைப் பெயரில் தாங்கி ஒரு தடைச் சட்டமே வந்தது. சட்டங்களிலும் அமைப்புகளிலும் ஊறிய இனவெறியை ஆராய, சட்டக் கல்லூரி வகுப்பறைகளில் உருவான ‘கிரிட்டிக்கல் ரேஸ் தியரி’ இன்னொன்று. மக்களுக்குப் பிடிக்காத எதைப் படித்தாலும் உடனே அந்தப் பெயர் நினைவுக்கு வர வேண்டும், அதுவே தன் இலக்கு என்று கிறிஸ்டோபர் ரூபோ என்ற செயல்பாட்டாளர் 2021இல் பகிரங்கமாகவே எழுதினார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்!

தகுதியும் திறமையும்

இனி நம் பக்கம். தமிழ்நாட்டில் ‘தகுதி, திறமை’ என்பது வெறும் இரண்டு சொற்கள் அல்ல என்பது 1951ஐ அறிந்தவர்களுக்குத் தெரியும். செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி இடஒதுக்கீட்டு ஆணை வீழ்ந்ததும், தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியும், அரசமைப்பின் முதல் திருத்தமும் அதன் பின்னணி. அந்தச் சொற்களோடு அமெரிக்கா போன நம்மவர்களில் ஒரு பகுதியினர், அங்கேயும் அவற்றைத்தான் கையில் எடுத்தார்கள். ஆசியப் பிள்ளைகளுக்கு அநீதி என்ற வாதத்தை முன்வைத்த வழக்கில், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 29 அன்று தடுத்தது. மெரிட் வென்றது என்று பலர் மகிழ்ந்தார்கள்.

ஒன்றரை ஆண்டு கழித்து, சென்னையில் பிறந்து காட்டாங்குளத்தூர் பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் கிருஷ்ணன், செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஆலோசகராக வெள்ளை மாளிகைக்குத் தேர்வானார். அடுத்த சில நாட்கள் இந்தியர்கள் மீது வசை மழை. படையெடுப்பு, ஊடுருவல், வேலைத் திருட்டு என்று சொற்கள் பறந்தன. அவருடைய தகுதியையோ திறமையையோ எதிர்த் தரப்பில் யாரும் எடைபோடவில்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அந்த விசாவில் எழுபது விழுக்காட்டுக்கும் மேல் இந்தியர்களுக்கே கிடைத்துவந்தது. தகுதி என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதும் பேனா நம் கையில் இல்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவருக்கு இது நடந்திருக்கிறது. அன்று அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழியினருக்கும் மட்டுமே கதவு திறந்தது. 1922 நவம்பரில், ஜப்பானியரான ஒசாவா தன் தோல் வெளுப்பைச் சொல்லி வாதாடியபோது, நிறம் முக்கியமல்ல, வெள்ளையர் என்றால் ‘காக்கேசிய’ இனம் என்றது உச்ச நீதிமன்றம். மூன்று மாதம் கழித்து, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் வந்தார். வட இந்தியர்களை மானிடவியலாளர்கள் காக்கேசியர் என்றே வகைப்படுத்துகிறார்கள், தான் உயர்சாதி, ஆரிய வழி வந்தவன் என்பது அவர் தரப்பு. அதே நீதிமன்றம், அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட் எழுதிய தீர்ப்பு. இம்முறை, அறிஞர் சொல்வது முக்கியமல்ல, சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்கிறாரோ அவரே வெள்ளையர் என்றது. ஒருவரை வெளியே நிறுத்த அறிவியல் உதவியது, அடுத்தவரை வெளியே நிறுத்த அறிவியல் தேவையற்றுப் போனது.

அதன் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான வைஷ்ணோ தாஸ் பகாய் 1928இல் தற்கொலை செய்துகொண்டார். திண்டுக்கு 1936இல், போரில் பணியாற்றியவர்களுக்கான தனிச் சட்டத்தால் குடியுரிமை கிடைத்தது.

திண்ட் அன்று தன் சாதி உயர்வையே துருப்புச்சீட்டாக வைத்தார் என்பது எனக்கு உறுத்துகிறது. வெள்ளையர் வீட்டுக்குள் நுழைய, இன்னொருவர் நம் வீட்டுக்குள் வர முடியாது என்பதை ஆதாரமாகக் காட்டிய வாதம் அது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் பாகுபாட்டுத் தடைப் பட்டியலில் சாதியைச் சேர்த்தது. கலிபோர்னியா சட்டமன்றமும் அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியபோது, ‘சாதி’ என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதினாலே அது இந்தியர்களையும் இந்துக்களையும் களங்கப்படுத்தும் என்று நம்மவர்களின் அமைப்புகள் சில கடுமையாக எதிர்த்தன. இருக்கும் சட்டங்களே போதும் என்று சொல்லி ஆளுநர் நியூசம் அக்டோபரில் அதை நிராகரித்தார். தனக்கு நடப்பதற்குப் பெயர் வேண்டும், தான் செய்வதற்குப் பெயரே கூடாது என்றால், ‘இனவெறி’ என்ற சொல்லைப் பட்டியல் போட்டுத் தேடும் அதிகாரியிடம் எந்த முகத்தோடு முறையிடுவது?

என்ன செய்யலாம்?

முதல் வேலை செய்தித்தாள்களுக்கு. செய்தி முகமைகளிலிருந்து வருவதை அவசரத்தில் பெயர்க்கும்போது, காவல் துறையின் வாக்கியம் நம்முடைய வாக்கியமாகிவிடுகிறது. சுட்டது யார் என்று தெரிந்தால், ‘துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்’ என்று நிறுத்தாமல் ‘போலீஸார் சுட்டதில் இறந்தார்’ என்று எழுதலாம். காவல் துறை தரப்பு மட்டும் கிடைத்திருந்தால், அது அவர்கள் சொல்வது என்பதைத் தலைப்பிலேயே காட்டலாம். அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டில் 2019இல் ஒன்றைச் சொன்னது. இனவெறிச் செயலை இனவெறி என்றே எழுதுங்கள், அதை மழுப்பும் சொற்களைத் தவிருங்கள். ஒரு தரப்பு அடித்து இன்னொரு தரப்பு அடிவாங்கியதை ‘இன மோதல்’ என்று தலைப்பிடும் நம் செய்தி மேசைகளுக்கும் அது பொருந்தும். தொலைக்காட்சி விவாதங்களில் ‘டிஇஐ’, ‘வோக்’ என்று யாராவது வீசினால், எந்தத் திட்டத்தைச் சொல்கிறீர்கள், அதனால் என்ன நடந்தது என்று நெறியாளர் கேட்க வேண்டும். பெரும்பாலும் அடுத்த வாக்கியம் வராது.

திரையுலகமும் வீட்டு வரவேற்பறையும் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ‘காப்பிலி’ நகைச்சுவையை விட்டுவிடலாம். அமெரிக்காவுக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கு ‘அந்தப் பக்கம் வேண்டாம்’ என்று சொல்பவர்கள், அந்தப் பக்கம் உருவான கதையையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அங்கே வேலை செய்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பணியிடத்தில் இனத்தின் பேரால் அவமதிப்போ பாகுபாடோ நடந்தால், அலுவலகம் அதை ‘தகவல்தொடர்புச் சிக்கல்’, ‘குழு மனப்பான்மைக் குறைவு’ என்று எழுதிவைக்கப் பார்க்கும். ராபின்சனுக்கு நடந்தது அதுதான். என்ன சொன்னார்கள், எந்தத் தேதி, யார் உடனிருந்தார்கள் என்பதை அன்றைக்கே, சொன்ன சொல் மாறாமல் எழுதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுக்க 180 நாள்தான் அவகாசம். மாநிலத்தில் அதற்கான அமைப்பு இருந்தால் 300 நாள். விசா பயத்தில் மௌனமாக இருந்துவிட்டு, வேலை போன பிறகு தேடிப் போகிறவர்கள் இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடுவார்கள்.

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்கள் இன்னொன்றும் செய்யலாம். தங்கள் அமைப்பு விதிகளில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் இடத்தில் இனம், நிறம், பாலினம் ஆகியவற்றோடு ‘சாதி’ என்ற சொல்லையும் சேர்க்கட்டும். சட்டமன்றத்துக்காகவும் ஆளுநரின் கையெழுத்துக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போதும்.